விவிலியத் தமிழும் விளங்கும் தமிழும்

வேதநூல் ஒன்றை மொழிபெயர்ப்பவர், எழுதுகோலை எடுக்கும்போது யாரைத் தம் முன்னே அமர்த்திக்கொள்கிறார் என்பதைக் கொண்டே அம்மொழிபெயர்ப்பின் தலைவிதி தீர்மானமாகிறது. பண்டிதரை அமர்த்திக்கொண்டால் ஒரு தமிழ் வரும். பாமரரை அமர்த்திக்கொண்டால் வேறொரு தமிழ் வரும். கிறிஸ்தவ சகோதரர்கள் தங்கள் வேதாகமத்தைத் தமிழாக்கத் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. நம்மவர் திருக்குர்ஆனுக்கு முழுமையான தமிழ் உரைநடை மொழிபெயர்ப்பை அச்சில் கண்டதோ இருபதாம் நூற்றாண்டில்தான். இத்துறையில் நமக்கு மூத்தவர்கள் பட்ட பாட்டை ஆராய்வது நமக்கு நன்மை பயக்கும் என்பதனாலேயே, ஒரு முஸ்லிம் இலக்கிய ஏட்டில் விவிலியத் தமிழைப் பற்றி எழுதத் துணிகிறோம்.

அச்சிட்ட தமிழின் பிறப்பே இச்சிக்கலோடு சேர்ந்து பிறந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இறைவனைக் குறிக்கத் ‘தம்பிரான்’ என்ற நாட்டுச் சொல்லை எடுத்துக்கொண்டது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714இல் அச்சேற்றத் தொடங்கினார். இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. பின்னர் சென்னையிலிருந்த பப்ரிசியஸ் 1772இல் தம் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். திருநெல்வேலியில் இரேனியஸ் ஒரு திருத்தம் செய்தார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரும், சைவம் காத்த செம்மல் என்று பிற்காலத்தில் புகழப்பட்ட ஆறுமுக நாவலரும் சேர்ந்து உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. நாவலரின் கை பட்ட தமிழாயிற்றே என்று நாம் வியக்கலாம். ஆனால் சபைகள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. காதுக்குப் பழகிப்போன பப்ரிசியஸின் தமிழை விட்டு அது வெகுதூரம் விலகிற்று என்பது அன்றைய குறை. பல சபையாரும் கூடி, ஹென்றி பவர் என்பாரின் தலைமையில் செய்து 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பே நிலைத்தது. இன்றும் சீர்திருத்த சபையாரில் மிகப் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுதான். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. இவ்விரண்டையுமே நாம் இங்கு ஒப்பு நோக்குகிறோம்.

ஒப்பு நோக்குவதற்குக் கொல்லிமலையின் குண்டனி நாடு நமக்கு வாய்த்தது. மிளகு வாங்க மலையேறும் நண்பர் ஒருவருடன் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சென்றிருந்தோம். ‘நாடு’ என்றதும் நேயர்கள் பெரிதாக எண்ணிவிட வேண்டா. கொல்லிமலையில் சில சிற்றூர்கள் சேர்ந்த தொகுதிக்கே நாடு என்று பெயர்; வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று பல நாடுகள் அங்குள்ளன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்து மக்கள் அல்லர். மலையை ஆள்வோர் என்பதனால் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழே. சங்கப் புலவர் பாடிய வல்வில் ஓரியின் மலையில், தமிழைத் தவிர வேறொன்றும் அறியாத மூதாட்டி ஒருவருக்குத் தமிழ் வேதம் விளங்கவில்லையென்றால், அது யாருடைய குறை?

இம்மலைக்குக் கிறிஸ்தவ வேதம் வந்த வரலாறும் அறியத் தக்கதே. 1907இல் இந்தியா வந்த ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலேயர், 1913இல் எவலின் அம்மையாரை மணந்து கொல்லிமலையில் குடியேறினார். நரம்புச் சிலந்திக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்தார். தச்சு வேலை கற்பித்தார். 1929இல் கருநீர்க் காய்ச்சலால் மாண்டார். அம்மையாரோ முதுமையிலும் மலைகளை விட்டு நீங்காமல் தொண்டு செய்து 1974இல் மறைந்தார். அந்நாளில் தமிழ்ச் சீர்திருத்த சபைகள் கையாண்டது 1871ஆம் ஆண்டின் தமிழ். ஆதலால் மலைச் சபையின் வேத மொழியும் அதுவாகவே அமைந்தது.

நாம் தங்கிய வீட்டிலும் அந்தப் பழைய வேதாகமமே இருந்தது. பேரன் வாசிக்க மூதாட்டி கேட்பாராம். நம் பையில் புதியது இருந்தது. மழை விடாத ஒரு பிற்பகலில் இரண்டிலிருந்தும் சில சொற்களை எடுத்து, என்ன விளங்குகிறது என்று கேட்டுப் பார்த்தோம். இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டோம். பொழுது போக்காகத் தொடங்கியது, நம்மைச் சிந்தனையில் ஆழ்த்திவிட்டது.

முதலில் ‘கற்பனை’ என்ற சொல். பழைய மொழிபெயர்ப்பில் இறைவனின் கட்டளைக்கு இப்பெயர். கற்பித்தல் என்பதிலிருந்து வந்த நல்ல சொல்தான்; ‘பத்துக் கற்பனைகள்’ என்று கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் தமிழ் ஓரிடத்தில் நிற்கவில்லை. பள்ளியில் படிக்கும் அந்தப் பேரனிடம் கேட்டோம். “இல்லாததை இருக்கிற மாதிரி நினைக்கிறதுங்க” என்றான். அவனுடைய பாடநூல் அப்படித்தான் சொல்கிறது. அவன் மீது பிழையில்லை. மூதாட்டியோ, “அது ஆண்டவர் வச்ச சட்டமுங்க பாய், சாமியார் சொல்லிக் கொடுத்திருக்காரு” என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பொருள் தெரிந்திருக்கிறது. பள்ளி சென்றவனுக்கு நேர் எதிரான பொருள் தோன்றுகிறது! இறைவன் விதித்த சட்டம் இல்லாத ஒன்றாக, மனத்தின் புனைவாக மாறிவிடுகிறது. தெரியாத சொல்லைவிடத் தெரிந்ததுபோல் ஏமாற்றும் சொல்லே மிகப் பெரிய ஆபத்து. தெரியாத சொல்லைக் கண்டவர் பிறரைக் கேட்பார். தெரிந்ததாக எண்ணியவர் கேட்கவே மாட்டார்.

ஆங்கிலேயருக்கும் இதே கதிதான். 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் செய்யப்பட்ட அவர்களுடைய புகழ்பெற்ற மொழிபெயர்ப்பில், பவுல் எழுதிய ஒரு நிருபத்தில் ‘லெட்’ என்ற சொல் ‘தடுத்தல்’ என்ற பொருளில் வருகிறது. இன்றைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் ‘விடுதல்’! ‘முந்திச் செல்லுதல்’ என்ற பொருளில் அங்கு ஆளப்பட்ட ‘பிரிவென்ட்’ என்ற சொல்லுக்கு இன்று ‘தடுத்தல்’ என்பது பொருள். அகராதியைத் திறக்கவேண்டும் என்ற எண்ணமே வராதவண்ணம் இச்சொற்கள் பழகிய முகத்தோடு நிற்கின்றன. ஆயினும் அந்நூலின் ஓசையில் மயங்கிய ஆங்கிலேயர் பலர் அதை இன்றளவும் கைவிட மனமில்லாதிருக்கின்றனர்.

பவரின் தமிழ் பிறந்தபோதே கடினமாகப் பிறந்தது என்று கருதுவது அநீதியாகும். வரி வாங்குவோரை அது ‘ஆயக்காரர்’ என்றது; ஆயம் என்றால் சுங்கம், ஆயத்துறை என்றால் சுங்கச் சாவடி. பண்ணைக் கணக்குப் பார்ப்பவனை ‘உக்கிராணக்காரன்’ என்றது. கலியாணச் சமையற்காரர்கள் இன்றும் பண்டம் வைக்கும் அறையை உக்கிராணம் என்றே சொல்கிறார்கள். கச்சேரியிலும் சந்தையிலும் நடமாடிய சொற்களையே அந்த மொழிபெயர்ப்பாளர்கள் பொறுக்கியெடுத்தார்கள். கச்சேரி போய் அலுவலகம் வந்துவிட்டது. சொற்கள் மட்டும் வேதத்துக்குள் தங்கி, புனிதப் பொருள்களாகிவிட்டன. குண்டனி நாட்டு மூதாட்டிக்கு ஆயக்காரன் யாரென்று தெரியவில்லை. புதிய மொழிபெயர்ப்பின் ‘வரிதண்டுவோர்’ என்பதைச் சொன்னதும், “தண்டல்காரனா?” என்று உடனே பிடித்துக்கொண்டார். ஊர்தோறும் தண்டல் என்ற பதவி இருந்த காலத்தை அவர் கண்டவர்.

இன்னோர் இடத்தில் புதிய மொழிபெயர்ப்பு முழு வெற்றி பெறுகிறது. குழந்தை ஈஸாவைத் தாய் மர்யம் கிடத்திய இடம் பழைய நூலில் ‘முன்னணை’. கிறிஸ்மஸ் பாடல்களில் கேட்டுப் பழகிய கிறிஸ்தவர் தவிரப் பிறர் அச்சொல்லை அறியார். அறிந்ததாகச் சொல்லும் கிறிஸ்தவரிலும் பலர், ஏதோ ஒருவகைத் தொட்டில் என்றே எண்ணியிருப்பர். புதியது ‘தீவனத் தொட்டி’ என்கிறது. மாடு கட்டும் வீட்டில் இதற்கு உரை வேண்டுமா? மூதாட்டி சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “மாட்டுத் தொட்டியிலயா போட்டாங்க பிள்ளையை?” என்றார். அத்தனை ஆண்டுகள் கேட்ட கதையில் அந்த ஏழ்மை அன்றுதான் அவருக்குத் தைத்தது. (பிறந்த இடத்தைப் பற்றித் திருமறை கூறும் வரலாறு வேறு, அங்குப் பேரீச்ச மரத்தின் அடிமரம் வருகிறது. நாம் இங்குப் பேசுவது மொழியைப் பற்றி மட்டுமே.)

அப்பம் என்ற சொல்லும் அப்படியே. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் உண்டு வளர்ந்த மலையில், அப்பம் என்பது என்றைக்கோ ஒருநாள் வாய்க்கும் பலகாரம். பழைய மொழிபெயர்ப்பின் ‘ஜீவ அப்பம்’ உயிரைத் தாங்கும் அன்றாட உணவைச் சுட்டவில்லை. விசேட நாளின் தின்பண்டத்தையே சுட்டுகிறது. பொது மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘உணவு’ என்று வைத்துப் பொருளைக் காப்பாற்றிவிட்டது.

இவ்வளவும் கேட்டு, புதியதே எங்கும் சிறந்தது என்று நேயர்கள் முடிவு கட்டிவிடலாகாது. பொது மொழிபெயர்ப்பாளர்கள் வடசொற்களை நீக்க மிகவும் முயன்றனர். கர்த்தரும் கிருபையும் ஞானஸ்நானமும் போய் ஆண்டவரும் அருளும் திருமுழுக்கும் வந்தன. தீர்க்கதரிசி போய் இறைவாக்கினர் வந்தார். தமிழார்வலர் மகிழ்ந்தனர்; நாமும் மகிழ்ந்தோம். ஆனால் தனித்தமிழ் வேறு, விளங்கும் தமிழ் வேறு. பழைய நூல் ‘மேய்ப்பன்’ என்றது. மலையிலும் மடுவிலும் எவருக்கும் விளங்கும் பசுந்தமிழ்ச் சொல் அது. அதை மாற்றவேண்டிய தேவை என்ன வந்தது? புதியது ‘ஆயன்’ என்கிறது. முல்லை நிலத்து ஆயர், ஆய்ச்சியர் என்று இலக்கியம் பயின்றவருக்கு அது இனிக்கும். கத்தோலிக்கர் தம் தலைமைக் குருவை ஆயர் என்று அழைப்பதும் உண்டு. சேலம், நாமக்கல் பக்கத்திலோ ஆயா என்றால் பாட்டி; அந்தப் பேரன் அவரை அழைப்பதே அப்படித்தான். ‘நல்ல ஆயன்’ என்று நாம் வாசித்ததும் பையன் தன் ஆயாவைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

‘மாம்சம்’ என்ற பழைய சொல்லைப் பாருங்கள். மனிதனின் கீழான இச்சைகளைக் குறிக்கப் பவுல் ஆண்ட கிரேக்கச் சொல்லுக்கு நேராக இது வைக்கப்பட்டது. மூதாட்டிக்கு அது வெறும் கறி. புதியது ‘ஊனியல்பு’ என்று மாற்றியிருக்கிறது. பொருட்செறிவும் தமிழழகும் உடைய ஆக்கம்தான். ஆயின் மூதாட்டிக்கும் விளங்கவில்லை, பள்ளி மாணவனுக்கும் விளங்கவில்லை. மிளகு வாங்க வந்த நம் நண்பர் பட்டதாரி, அவருக்கும் விளங்கவில்லை. முன்னது தவறாக விளங்கிற்று. பின்னது விளங்கவே இல்லை. நம் வழக்கில் ‘நஃப்ஸு’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். “நஃப்ஸை அடக்கு” என்று பாட்டிமார் பிள்ளைகளை அதட்டுவதுண்டு. அயற்சொல்லே ஆயினும் வாய்ப்பழக்கத்தால் அது வீட்டுச் சொல்லாகிவிட்டது.

‘குஷ்டரோகி’ என்பது ‘தொழுநோயாளர்’ ஆனது வேறொரு காரணத்தால். அதைச் சொல்ல இம்மலையை விடப் பொருத்தமான இடமில்லை. 1914இல் பிறந்த ஜெஸ்ஸி பிராண்டின் மகன் பால் பிராண்டு சிறுவயதில் வளர்ந்தது இங்குதான். 1946இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்வதில்லை என்பதையும், உணர்ச்சி அற்றுப்போவதால் சூடும் காயமும் தெரியாமல் சிதைகின்றன என்பதையும் எடுத்துக்காட்டி, மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். நோயைப் பற்றிய அறிவு மாறியதும் நோயாளியைச் சுட்டும் சொல்லும் மாறவேண்டியதாயிற்று. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. தவ்ராத்தின் லேவியராகமத்தில் இதே எபிரேயச் சொல் துணியிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் கறைக்கும் வருகிறது. சுவருக்கும் துணிக்கும் தொழுநோய் வருமா? அறிஞர் பலர், அது இன்றைய தொழுநோயை மட்டும் குறித்ததன்று என்கின்றனர். சொல்லை நாகரிகமாக்கியதில் பொருளின் பழைய ஐயம் தீரவில்லை.

முஸ்லிம் வாசகர் ஒருவர் பழைய மொழிபெயர்ப்பைத் திறந்தால் முதலில் திடுக்கிடுவது சொற்களால் அன்று, வினைமுற்றுகளால். மூஸா நபி அங்கு ‘போனான்’, ‘சொன்னான்’. தாவூது நபியும் ‘அவன்’. மர்யம் ‘அவள்’. நபிமார்களை ‘அவர்கள்’ என்றன்றி வேறு விதமாகச் சொல்லியறியாத நம் நாவு அவ்விடத்தில் தடுமாறுகிறது. ஆனால் அதே நூலில் இறைவன் ‘அவர்’. நமக்கோ அல்லாஹ் ‘அவன்’. ஏகனை ஒருமையில் சொல்வதே ஏகத்துவத்துக்கு ஏற்றது என்பது நம் மரபு. நம் தர்ஜமாக்களைப் படிக்கும் கிறிஸ்தவ நண்பருக்குப் படைத்தவனை ‘அவன்’ என்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். அவர் வேதத்தைப் படிக்கும் நமக்கு நபியை ‘அவன்’ என்பது பொறுக்காது. ஒரே மொழி, ஒரே ‘அன்’ விகுதி. இரு வீட்டிலும் அது தலைகீழாக நிற்கிறது! அரபியிலும் எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இந்த ‘அன்–அர்’ வேறுபாடு இல்லை. ஆகவே மூல நூல் கேட்காத ஒரு கேள்விக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வினைமுற்றிலும் பதில் சொல்லியாகவேண்டும். 1995ஆம் ஆண்டினர் நபிமார்க்கும் பெண்டிர்க்கும் ‘அர்’ விகுதி தந்தது, காலம் கோரிய நீதி. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

விளிப்பிலும் இத்தகைய சிக்கல் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர் இறைவனை ‘நீர்’ என்று அழைத்து ‘தாரும், வாரும்’ என்று வேண்டுவர். நெல்லைச் சீமையில் ‘வாரும், இரும்’ என்பது இன்றும் வீட்டு வழக்கு. கொங்குப் பக்கத்திலும் அதன் மலைகளிலும் அந்த வழக்கு இல்லை. அங்கு ‘நீங்க’ உண்டு, ‘நீ’ உண்டு. ஆகவே கொல்லிமலைக் கிறிஸ்தவர், அண்டை அயலாருடன் ஒருபோதும் பேசாத ஒரு விகுதியில் தம் இறைவனுடன் பேசுகிறார். இதனால் தூரம் உண்டாகிறதா, பக்தி உண்டாகிறதா? மூதாட்டியிடம் கேட்டபோது, “அது ஜெபத்துக்குன்னு இருக்கிற பேச்சுங்க” என்றார். இதற்கு மேல் வாதாட நம்மிடம் ஒன்றுமில்லை. விளங்குதல் என்பது அகராதிப் பொருள் மட்டுமாக இருந்தால் அவர் பழைய நூலை என்றோ மூடி வைத்திருப்பார். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டதற்கு, பழையதையே மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் அந்தத் ‘தொட்டி’ வந்த பக்கத்தை மட்டும் பேரனைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். தமிழ் முஸ்லிம்களுக்கு முன்னோர் தேடித் தந்த ஒரு செல்வம் உண்டு. ஸலாத் நமக்குத் தொழுகை, ஸவ்ம் நோன்பு, மஸ்ஜித் பள்ளிவாசல், ஈத் பெருநாள், திலாவத் ஓதுதல். வேதாகமம், தேவாலயம், ஞானஸ்நானம் என்று வடமொழிச் சமயச் சொற்களைப் பாதிரிமார் தேடிச் சென்ற காலத்தில், கடற்கரையூர்களில் நம்மவர் பேச்சுத் தமிழிலிருந்தே மார்க்கத்தின் தூண்களுக்குப் பெயர் கண்டுவிட்டனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்கள் அரபுத்தமிழ் எழுத்தில் மார்க்க நூல்களைப் படித்து வந்தனர். எழுத்து அரபி, பேச்சோ அவர்கள் அடுப்படியில் பேசிய தமிழ்.

அந்த வளம் நம் உரைநடைத் தர்ஜமாக்களில் முழுமையாக இறங்கிற்றா என்பதே நம் ஐயம். முன்னோடியான ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் உழைப்பு நம் சமுதாயம் என்றும் நன்றி பாராட்டத் தக்கது. அரபியில் சுருங்கி நிற்கும் பொருளை விரிக்க, அவர் பிறை அடைப்புகளுக்குள் விளக்கச் சொற்களை வைத்துக்கொண்டே சென்றார். கண்ணால் படிப்போர்க்கு அது பெரும் உதவி. காதால் கேட்போர்க்கோ எது இறைமொழி, எது உரையாசிரியர் மொழி என்று பிரிக்க வழியில்லை. அடைப்புக்குறிக்கு ஓசை ஏது? அரபியில் உறுதியைக் காட்டும் ஓர் இடைச்சொல் வருந்தோறும் நம் தர்ஜமாக்கள் ‘நிச்சயமாக’ என்று தொடங்குகின்றன. பழைய விவிலியத்தில் ‘மெய்யாகவே’ இருமுறை அடுக்கி வருவதும் இத்தகையதே. மூலத்துக்கு உண்மையாக இருக்கவேண்டும் என்ற அச்சம் இரு சாராரையும் ஒரே பாதையில் நடத்தியிருக்கிறது. தமிழில் உறுதியை ஏகாரம் ஒன்றே காட்டிவிடும். “அவனே” என்றால் போதுமே.

‘ஆவி’ என்ற சொல்லை மட்டும் பழையவரும் புதியவரும் விடவில்லை. ‘பரிசுத்த ஆவி’ என்பது ‘தூய ஆவி’ ஆயிற்று. முன்னடை மாறியது, பின்னது அப்படியே நிற்கிறது. கத்தோலிக்கர் ஒரு காலத்தில் போர்த்துக்கீசியச் சொல்லையே எடுத்து ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று சொல்லி வந்தனர். தமிழில் ஆவி என்றால் உயிர், மூச்சு, கொதிநீரின் புகை. இவற்றோடு செத்தவர் திரும்பி வந்து பிடிப்பதும் ஆவியே. குண்டனி நாட்டில் இருட்டிய பிறகு அச்சொல்லைச் சொன்னால் பிள்ளைகள் கதவைப் பார்க்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்களோ ‘ரூஹ்’ வருமிடத்தில் சிலபோது ஆவி என்றும், சிலபோது ஆன்மா, உயிர் என்றும், சிலபோது ரூஹ் என்றே விட்டும் செல்கின்றனர். அதற்குரிய தமிழ்ச் சொல்லை இருவருமே இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.